அந்த விதை முளைக்கவில்லை

இதை எழுத எனக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. எழுதத் தெரியாமல் இல்லை. எட்டாவது வரை படித்தவன், ஊருக்கு நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன். மூன்று தடவை நோட்டில் எழுதினேன், மூன்று தடவையும் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். வெட்கம் ஒரு காரணம். அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று இருந்தது. நடந்ததற்கு நேர் எதிரான ஒரு கதை என்னைப் பற்றி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கதையில் நான் பெரிய பக்தன். அது எனக்கு இனித்தது. வாயில் இருக்கிற இனிப்பைத் துப்ப மனசு வரவில்லை.

இன்றைக்குத் துப்புகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதல் கோபம் என் மேல்.

சுரக்குடியில் எங்கள் அப்பா விட்டுப்போனது ஒரே துண்டு நிலம். மேல் பாதி எனக்கு, கீழ்ப் பாதி அண்ணனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறங்கும் வாமடை மட்டும் இரண்டு பேருக்கும் பொது. அண்ணன் காலமான பிறகு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று அண்ணியின் பிறந்த வீட்டார் சொன்னார்கள். அண்ணி கேட்கவில்லை. “ஒரு சம்பா நானே நின்னு பாக்குறேன். வரலன்னா அப்பறம் பேசுங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு சம்பாவைத்தான் நான் கெடுத்தேன்.

எங்களுடையது கடைமடை. தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வரும்போதும் ஒழுங்காக வராது. காலையில் நூல் மாதிரி ஒழுகும். மேலே இருப்பவர்கள் தங்கள் மடையை அடைத்த உடனே அவர்கள் தண்ணீரும் சேர்ந்துகொண்டு ஒரே மூச்சில் வந்து விழும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மடையைத் திறந்தவர் அதை அடைக்கிற வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும். டீ குடிக்கப் போவதானாலும் மண்வெட்டியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கீழே வைத்துவிட்டுப் போகக் கூடாது. மண்வெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பொறுப்பு. கீழ் வயல்காரர் நிம்மதியாக வீட்டில் இருப்பது அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

தண்ணீர் பார்ப்பது ஒரு வேலை. வெளியூர்க்காரருக்கு அது சும்மா நிற்பது போலத் தெரியும். சும்மா இல்லை. தண்ணீர் ஏறும்போது வாய்க்காலில் சத்தம் மாறும், காலில் குளிர்ச்சி ஏறும், வரப்போரம் நண்டு வளையில் குமிழி வரும். இதையெல்லாம் முப்பது வருஷம் பார்த்தவன் நான். யாரும் சொல்லித் தராமலே என் காலுக்குத் தெரியும்.

அப்புறம் போன் வந்தது.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று வாங்கினேன். காரைக்காலில் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பக்தர்கள் குழு ஒன்று நடத்தி வந்தார். கோயிலில் பார்த்துப் பழக்கம். என்னையும் குழுவில் சேர்த்தார். விடிந்தால் பெருமாள் படம், மத்தியானம் ஒரு கதை, சாயங்காலம் யாரோ வீட்டில் எடுத்த பூஜை வீடியோ. நான் மிதப்பில் இருந்தேன். ஊரில் பாதிப் பேர் போனில் கண்ட கூத்தைப் பார்க்கிறான், நான் பகவானைப் பார்க்கிறேன், இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. ஒரு நாள் நான் பூஜை மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, குழுவில் வந்த படத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். மாடத்தில் விளக்கு எரிகிறது. எனக்கு முதுகுப் பக்கம்.

“ஏங்க, சாமி அந்தப் பக்கம் இருக்காரு” என்றாள். “அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு யாருக்குக் கும்பிடு போடுறீங்க?”

எனக்கு அது கேலியாகத் தெரிந்தது. திரும்பி உட்கார்ந்தேன். போனையும் என்னோடு திருப்பிக்கொண்டேன்.

அந்தப் புரட்டாசியில் குழுவில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சனிக்கிழமை காலையில் எல்லோரும் அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே பெருமாள் நாமத்தை நூற்றெட்டு முறை எழுதிக் குழுவில் போட வேண்டும். யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் பெயரை மேலே போடுவார்கள். நோட்டில் எழுதினால் மணிக்கணக்கில் ஆகிற காரியம். இதில் கட்டை விரல் போதும்.

முதல் சனிக்கிழமை எங்கள் முறைத் தண்ணீரும் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் அண்ணி நாற்றங்கால் விதைத்திருந்தார். ஊற வைத்து, சாக்கில் மூட்டம் போட்டு, வெள்ளையாக முளை கட்டிய விதை. சேற்றின் மேல் பட்டும் படாமலும் கிடக்கும். அதன் மேல் தண்ணீர் நிற்கவே கூடாது. அதனால் அண்ணி தன் பக்கத்து வாயை நன்றாக அடைத்துவிட்டு, மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்.

“தம்பி, மேல ரெண்டு பேரு இன்னும் அடைக்கல. அடைச்சா ஒரேடியா வரும், பாத்துக்குங்க. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடுறேன்.”

“போய்ட்டு வாங்க அண்ணி. நான் எங்க போவப் போறேன்?”

எங்கேயும் போகவில்லை. அதுதான் என் கதை. மடை ஓரமாகக் கணுக்கால் தண்ணீரில் நின்றேன். மண்வெட்டியை வரப்பில் குத்தி வைத்தேன். இரண்டு கையிலும் போனைப் பிடித்துக்கொண்டேன். வேகமாகத்தான் எழுதினேன். இடையில் ஒருவர் ஐம்பது என்று போட்டார், நான் முப்பத்தெட்டில் இருந்தேன். இன்னும் வேகம் கூட்டினேன். நாமம் என் வாயில் இல்லை, மனசில் இல்லை. எண்ணிக்கைதான் இருந்தது. எழுபதில் அவரைத் தாண்டினேன். எண்பத்தொன்று எழுதும்போது வரப்பிலிருந்து ஒரு சத்தம்.

“தம்பி! ஏ தம்பி! காலப் பாருங்க!”

குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையில் நின்றது. வேட்டி பாதி நனைந்திருந்தது. அது ஏறியது எனக்குத் தெரியவில்லை. என் உடம்பில் ஏறிய தண்ணீர் எனக்குத் தெரியவில்லை!

நண்டு வளை இருந்த இடத்தில் வரப்பு உடைந்து, என் வயல் தண்ணீர் மொத்தமும் நாற்றங்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் இறங்கிவிட்டார். நான் உடைப்பில் மண் போட்டேன். இரண்டு வெட்டு, மூன்று வெட்டு, எல்லாம் கரைந்து போனது. மடையை அடைத்து, வைக்கோலைச் சுருட்டிவைத்து மிதித்து நிறுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. விதை முழுக்க அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தது. மிச்சம் வடிகாலில் போய்விட்டது.

அண்ணி அதை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். முளை எல்லாம் ஒடிந்திருந்தது.

“நேத்து சாயங்காலம்தான தம்பி விதைச்சேன்” என்றார். சத்தம் போடவில்லை. “வரப்பு ஒடஞ்சது கூடவா தெரியல? பக்கத்துலதான நின்னீங்க?”

“நான் எங்கயும் போவல அண்ணி. இங்கயேதான் நின்னேன்.”

இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அண்ணி வாய்க்கால் கரையைக் காட்டினார். அங்கே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. “ஆமா, நின்னீங்க. அந்தக் கொக்குந்தான் நிக்கிது. அது மீனையாவது பாக்குது.”

வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். அது என் மண்வெட்டி இல்லை, அவருடையது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். என்னிடம் இருந்த மிச்ச விதையைக் கொடுத்தேன், போதவில்லை. அதே ரகம் கிடைக்க அலைந்து, சேற்றை மறுபடி ஆற வைத்து விதைப்பதற்குள் நாள் ஓடிவிட்டது. எல்லோர் வயலிலும் நாற்று வேர் பிடித்து நின்றபோதுதான் அண்ணி வயலில் நடவு. நட்ட மூன்றாம் நாள் ஐப்பசி மழை அடைத்துப் பெய்தது. பிஞ்சு நாற்று முங்கிக் கிடந்தது. பாதிதான் தேறியது. அண்ணியின் அண்ணன்கள் வந்து, “நாங்க அப்பவே சொன்னோமா இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பயிர் ஏன் பிந்தியது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார். “வரப்பு ஒடஞ்சிருச்சு.” யாரால் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நிலத்தையும் விடவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடுத்த சம்பாவும் அவரே வைத்தார்.

எனக்கு மனசு ஆறவில்லை. எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது. அண்ணி காலில் விழுந்து இறக்கி வைத்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. குழுத் தலைவருக்குப் போன் செய்து, நடந்ததை எல்லாம் சொல்லி அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“தண்ணி ஏறுறதே தெரியாம நாமம் எழுதியிருக்கீங்க! மெய்மறந்துட்டீங்க சார். எங்களுக்கெல்லாம் கிடைக்காத பாக்கியம்!”

அதற்கு முன்னால் யாரும் என்னை சார் என்று சொன்னதில்லை.

ஒரு வாரத்தில் குழுவில் ஒரு கதை வந்தது. காரைக்கால் பக்கம் சுரக்குடியில் நடந்த உண்மைச் சம்பவம் என்று தலைப்பு. ஒரு ஏழை விவசாயி வயலில் நின்று நாமம் எழுதுகிறார், வெள்ளம் வருகிறது, அவர் அசையவில்லை. சாமியே இல்லை என்று சொல்லித் திரிகிற பக்கத்து வயல்காரி ஒருத்தி அவரைக் கண்டபடி ஏசுகிறாள். உடனே அவள் விதை அழிகிறது. பிறகு அவள் அழுது மன்னிப்புக் கேட்டு நூற்றெட்டு நாமம் எழுத, மூன்றாம் நாள் அழிந்த விதை பச்சென்று முளைத்து நிற்கிறது. பதினோரு பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கஷ்டம் வரும்.

நான் படித்தேன். அது பொய் என்று வயலில் நின்ற இரண்டு பேருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் அண்ணிக்கும். அண்ணியிடம் அந்த மாதிரிப் போன் கிடையாது. நான் என்ன செய்தேன்? கைகூப்புகிற படம் ஒன்றை அதற்குக் கீழே போட்டேன். கோயிலில் முன்பின் தெரியாதவர்கள் எனக்கு வழி விட்டார்கள். ஒரு அம்மாள் தன் பேரப்பிள்ளையை என்னைக் கும்பிடச் சொன்னாள். கும்பிட வைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது.

பிறகு திருமலைராயன்பட்டினத்தில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். அண்ணி போயிருந்தார். பந்தியில் பக்கத்து இலைக்காரி போனை எடுத்து இந்தக் கதையைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தி, “சுரக்குடியா? நீங்களும் சுரக்குடிதான? புரட்டாசியில நாத்தாங்கால் போனது உங்களுக்குத்தான?” என்றிருக்கிறாள். மூன்றாவது ஒருத்தி, “ஏங்க, நீங்க சாமி கும்பிட மாட்டீங்களாமே?” என்று கேட்டேவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் விடியலில் கோயில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண்பிள்ளையைப் பார்த்து இந்தக் கேள்வி.

அண்ணி கல்யாண வீட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசற்படி ஏறவில்லை.

“தம்பி, நான் எப்ப சாமி இல்லன்னு சொன்னேன்?”

“அத நான் எழுதலைங்க அண்ணி.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“எப்ப?”

“அது ஆச்சு... ஒரு வருஷம்.”

“படிச்சுட்டு என்ன பண்ணுனீங்க?”

என் மனைவி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். “கும்புடு படம் போட்டாரு அக்கா. நான் பாத்தேன். கேட்டேன். உனக்கு இதெல்லாம் புரியாதுன்னாரு.”

அண்ணி சொன்னார். “வெதை போனதுக்கு அடுத்த வருசம் வெதைச்சுக்கிட்டேன். பேரு போயிருச்சே, அத எந்த நாத்தாங்கால்ல போயி வெதைக்கிறது?”

மறுநாள் காரைக்காலுக்குப் பஸ் ஏறினேன். குழுத் தலைவர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார், காபி கொடுத்தார். நான் பேசப் பேச அவர் கையில் போன் முனகிக்கொண்டே இருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பதினான்கு தடவை அதைப் பார்த்தார். எண்ணினேன். எண்ணிப் பழகிய ஆள்தானே.

“நல்ல கருத்துதானேங்க பரவுது? படிக்கிறவங்களுக்கு பக்தி வருதுல்ல?”

“வெதை மொளைக்கலைங்க. அது பொய்ங்க.”

“யார் பேரும் போடலையே நாம.”

“ஊரு பேரு போட்டீங்க. நாத்தாங்கால் போன பொம்பள ஊர்ல ஒருத்திதாங்க.”

“சரி, நடந்தத நீங்களே எழுதிப் போடுங்க. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்” என்றார். சொல்லும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுதினேன். கட்டை விரலால் ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை தடவித் தடவி எழுதினேன். நான் தவம் செய்யவில்லை, போட்டி போட்டேன், என் கவனக்குறைவால் ஒரு பெண்ணின் நாற்றங்கால் அழிந்தது, அவர் என்னைவிடப் பெரிய பக்தை என்று எழுதினேன். பத்து நாள் கழித்து அதே கதை வேறு குழுவிலிருந்து திரும்பி வந்தது. பழைய கதை அப்படியே இருந்தது, கடைசியில் நாலு வரி கூடியிருந்தது. அந்த மகாபக்தர் தன் அடக்கத்தால் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டாராம். அடக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டு, அதற்குக் கீழே கைகூப்புகிற படங்கள். நான் போட்டேனே, அதே படம்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் என் ஆயுசில் வந்ததில்லை. உண்மையைச் சொன்னாலும் அதைத் தின்றுவிட்டு இன்னும் கொழுக்கிற ஒரு பூதத்தை என்ன செய்வது? அதற்குத் தீனி போட்டது யார்? நான்தானே? குழுவை விட்டு அந்த நிமிஷமே வெளியே வந்தேன்.

போனை உடைத்துப் போடவில்லை. மகள் குரல் அதில்தான் வருகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிற சேதி அதில்தான் வருகிறது. ஆனால் தண்ணீர் முறை அன்றைக்கு அது அரிசி டின்னுக்குள் இருக்கும். யாராவது கூப்பிட்டால் என் மனைவிதான் எடுப்பாள். “அவரு மடையில நிக்கிறாருங்க” என்பாள். என்னைப் பார்த்துக்கொண்டே, “ஆமாங்க, இப்ப நெசமாவே நிக்கிறாரு” என்று சேர்த்துக்கொள்வாள். பூஜை நேரத்திலும் அதே டின்தான்.

அதனால் உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் மாசம் ஒரு கற்பூரம் எரிந்து அணைகிற நேரம்கூட என்னால் பெருமாள் முன்னால் நிற்க முடியவில்லை. கண்ணை மூடினால் கட்டை விரல் தானாக ஆடியது. கும்பிட்ட கைக்குள்ளேயே ஆடியது. அறுபதை நெருங்குகிற ஒரு மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்! இப்போது ஒரு கற்பூரம் வரைக்கும் நிற்க வருகிறது. சில நாள் பாதிதான். கோயிலுக்குப் போனால் தீபாராதனை காட்டும்போது கூப்பிய கையைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லோர் கையும் மேலே போனைப் பிடித்திருக்கிறது. பகவான் இத்தனை பேரைப் பார்க்கிறார், அவரை ஒருத்தன் பார்க்கவில்லை. கத்த வேண்டும் போல வரும். எந்த முகத்தோடு கத்துவது என்று அடக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அண்ணி பேச்சை நிறுத்தவில்லை. நல்லது கெட்டதுக்கு வருகிறார், போகிறார். ஆனால் வரப்பு உடைந்த நாளிலிருந்து என் கையில் மண்வெட்டியைக் கொடுத்ததில்லை. இந்தச் சம்பாவிலும் முறைத் தண்ணீர் வந்தது. அண்ணி வீட்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது. நான் பத்தடி தூரத்தில், வெறுங்கையோடு நின்றேன். அவர் என்னைத் தாண்டி நடந்துபோய், மூன்றாம் வயல் பெண்ணைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த பிறகுதான் நாலாவது தடவையாக நோட்டை எடுத்தேன்.

எழுதி முடித்ததும் கொண்டுபோய் அண்ணி முன்னால் படித்துக் காட்டினேன். புளி கோது எடுத்துக்கொண்டே கேட்டார்.

“கொக்கையும் சேத்துட்டீங்களா?” என்றார்.

“சேத்துட்டேன் அண்ணி.”

“மண்வெட்டி?”

“அதுவும் இருக்கு.”

“அப்ப சரி. இதையும் யாராவது மாத்திப்புடப் போறாங்க தம்பி. எழுதுங்க, மாத்தாதீங்கன்னு.”

எழுதுகிறேன். ஐயா, அம்மா, பழைய கதை உங்களுக்கும் வந்திருக்கலாம், நீங்களும் நல்ல மனசோடு நாலு பேருக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். அது போன வழியிலேயே இதையும் போக விடுங்கள். எத்தனை பேருக்கு என்று கணக்கு இல்லை. அனுப்பினால் உங்களுக்கு எந்த நன்மையும் வராது, அனுப்பாவிட்டால் எந்தக் கெடுதலும் வராது. ஒன்று மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன். என்னை நல்லவனாக்காதீர்கள், அண்ணியைப் புனிதவதியும் ஆக்காதீர்கள், பெருமாளை இதற்குள் இழுக்காதீர்கள். ஒரு எழுத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மடையில் நின்றவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்த விதை மூன்றாம் நாளும் முளைக்கவில்லை, முப்பதாம் நாளும் முளைக்கவில்லை. அந்த இடத்தை மட்டுமாவது இருக்கிறபடியே விட்டுவையுங்கள்.